யார் நடந்து வருவது

காலேஜ்: ...அப்ப இன்னிக்கும் பேச மாட்டீங்க?

பெரியக்கா: ஓரத்தப் புடி.

காலேஜ்: புடிச்சிருக்கேன்.

பெரியக்கா: உதறு.

காலேஜ்: உதறியாச்சு. அக்கா, திங்கக்கிழமையிலேருந்து நாலு நாளா புடி, உதறு, இழு, வா. இந்த நாலு வார்த்தைக்கு மேல உங்க வாயிலேருந்து ஒண்ணும் உதிரல.

பெரியக்கா: ஆஸ்பத்திரி விரிப்பு மடிக்க நாலு வார்த்தை போதும். வா.

காலேஜ்: வந்துட்டேன். இந்தாங்க ரெண்டு ஓரம். குனிஞ்சு அடி மடிப்பையும் எடுத்துட்டேன். பாருங்க, எவ்ளோ சமத்தா நடக்கிறேன்.

பெரியக்கா: திங்கக்கிழமை மட்டும் காலுக்கு என்ன வந்துச்சாம்?

காலேஜ்: அதத்தான் சொல்ல வர்றேன்...

பெரியக்கா: மூணு வருஷமா நடந்த கால். அன்னிக்கு மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுச்சு. அந்தக் கோடியில நீ, இந்தக் கோடியில நான், நடுவுல விரிப்பு தொங்குது. மொத்த ஹாலும் வேலையை விட்டுட்டு வேடிக்கை பாக்குது. "வா"ன்னேன். மூணு தடவை சொன்னேன்.

காலேஜ்: அஞ்சு தடவை.

பெரியக்கா: எண்ணிக்கிட்டு வேற இருந்தியா?

காலேஜ்: எண்ணித்தான் ஆகணும்க்கா. அது... அது ஒரு பரீட்சை.

பெரியக்கா: யாருக்கு?

காலேஜ்: எனக்குத்தான். தபால்ல படிக்கிறேன்ல, சமூகவியல். அதுல ஒரு வேலை குடுத்தாங்க. நீ வேலை செய்யிற இடத்துல எங்கயும் எழுதி வைக்காத சட்டம் ஒண்ணக் கண்டுபுடி. ஒரே ஒரு தடவை அத மீறு. யாரு என்ன செஞ்சாங்கன்னு கண்ணால பாத்தத அப்படியே எழுதுன்னு.

பெரியக்கா: இழு.

காலேஜ்: கோபமா?

பெரியக்கா: இழுன்னு சொன்னேன். அப்ப நான் யாரு, தவளையா? பள்ளிக்கூடத்துல பலகை மேல போட்டுக் கிழிச்சுப் பாப்பாங்களாமே...

காலேஜ்: அப்படிச் சொல்லாதீங்கக்கா.

பெரியக்கா: கிழிச்சுப் பாத்ததுல உள்ள என்ன இருந்துச்சு?

காலேஜ்: எழுதியிருக்கேன். ஆறு பக்கம். அதுல நீங்க ஒரு கையெழுத்து போடணும்.

பெரியக்கா: தவளையா கையெழுத்து போடும்?

காலேஜ்: யாரப் பத்தி எழுதினோமோ அவங்க சம்மதிக்கணும். அது விதி. அப்புறம் சூப்பர்வைசர் முழுசாப் படிச்சுப் பாத்து, இங்க நடந்தது நெசம்தான்னு முத்திரை குத்தணும். மூணு மணிக்குத் தபால்ல சேத்தாகணும். இப்ப மணி ரெண்டு.

பெரியக்கா: நான் மாட்டேன்னா?

காலேஜ்: இந்தப் பாடம் போச்சு. அடுத்த வருஷம்தான் மறுபடி எழுத முடியும். அதுக்குள்ள எனக்கு நாப்பது முடிஞ்சிரும். மேல வரவேற்புல ஆள் எடுக்கிறது நாப்பதுக்குள்ள. அப்புறம் காலம் பூரா இங்கயே நடந்துக்கிட்டு கெடக்க வேண்டியதுதான்.

பெரியக்கா: நடக்கிறதுல என்னடி கேவலம்? கால் இருக்கிறப்ப நட. வா.

காலேஜ்: வந்துட்டேன். அப்ப போடுவீங்களா?

பெரியக்கா: படிச்சுக் காட்டு. கேக்காம நான் எதுலயும் கைய வைக்க மாட்டேன். படிக்கத் தெரியாத காலத்துல வெச்ச கைநாட்டு எல்லாம் போதும்.

காலேஜ்: மடிச்சுக்கிட்டே எப்படிப் படிக்கிறது?

பெரியக்கா: முதல்ல வாயால சொல்லு. சட்டம், சட்டம்ங்கிறியே, எந்தச் சட்டம்?

காலேஜ்: இதுதான். சின்னவங்க நடக்கணும், பெரியவங்க நிக்கணும். ரெண்டு பேரும் விரிப்ப இழுத்துப் புடிச்ச பிறகு, வேலையில யாரு பின்னாடி சேந்தாங்களோ அவங்கதான் ஓரத்தத் தூக்கிக்கிட்டு வரணும். அவங்கதான் குனியணும். மூத்தவங்க நின்ன இடத்துல நின்னு வாங்கிக்கணும். எட்டு ஜோடியும் இப்படித்தான் மடிக்குது. சுவத்துல "எச்சில் துப்பாதே" இருக்கு, "ஈரத்தரை ஜாக்கிரதை" இருக்கு, இது இல்ல. ஆனா எச்சில் துப்பினவன யாரும் ஒண்ணும் சொல்லல. நான் நடக்காம நின்னதுக்கு என் டம்ளரத் தூக்கி ஜன்னல்ல வெச்சுட்டாங்க.

பெரியக்கா: யாரு?

காலேஜ்: தெரியல. மூணு வருஷமா வரிசையில நாலாவதா இருந்த டம்ளர். செவ்வாக்கிழமை போனா ஜன்னல் விளிம்புல தனியா உக்காந்திருக்கு. மதியம் சாப்பிட எனக்கு எடம் புடிச்சு வைக்கல. சக்கரம் கிறீச்சுங்கிற வண்டிய என் பக்கம் தள்ளி விட்டுட்டாங்க. அந்த அண்ணி-நாத்தனார் ஜோடி, ஒருத்தர ஒருத்தர் ஆகவே ஆகாது... அன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே தூக்குலேருந்து சாப்பிட்டாங்க, என்னத் திட்டுறதுக்காக.

பெரியக்கா: நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லல.

காலேஜ்: அதான்க்கா பாடமே. யாரும் சொல்லல, எல்லாரும் செஞ்சாங்க. ஒருத்தி தப்பு பண்ணா, மத்தவங்க எல்லாம் ஒட்டிக்குவாங்க. அதுக்குப் பேரு சமூக உண்மை. நமக்கு வெளியில இருக்கும், நம்மளப் புடிச்சு அமுக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியாது. கீழ வாசல்ல கண்ணாடிக் கதவு இருக்குல்ல, அது மாதிரி. மோதினாத்தான் இருக்கிறதே தெரியும்.

பெரியக்கா: போன வருஷம் நீ மூக்க ஒடச்சுக்கிட்டியே, அந்த மாதிரியா.

காலேஜ்: அதே மாதிரி. இந்தத் தடவை மூக்கு வேற யாருதோ.

பெரியக்கா: சிரிக்க வைக்காத. நான் இன்னும் கோபத்துல இருக்கேன். உதறு.

காலேஜ்: அந்த நாத்தனார் எதுக்கு ஒரு நாளும் லீவு போடாம வர்றா, அதையும் எழுதியிருக்கேன். வீட்டுல அவ உக்காந்திருப்பா, அண்ணி நடக்கணும். இங்க அவ பதினோரு நாள் முன்னாடி சேந்துட்டா, அதனால இங்கயும் அவ நிக்கிறா, அண்ணி நடக்கிறா.

பெரியக்கா: தப்பு. அண்ணிதான் பதினோரு நாள் முன்னாடி. இங்க நிக்கிறது அண்ணி, நடக்கிறது நாத்தனார். லீவு போடாம வர்றது யாரு, அண்ணியா நாத்தனாரா? நல்லா யோசிச்சுப் பாரு.

காலேஜ்: ...அண்ணி.

பெரியக்கா: ஆறு பக்கத்துல முதல் ஓட்டை. மேல சொல்லு.

காலேஜ்: இதத் திருத்திக்கிறேன். அப்புறம் மூணு பெரியவங்க சொன்னத வெச்சு, ஏன் இப்படின்னு விளக்கணும். ரொம்ப காலத்துக்கு முன்னாடி இருந்தவங்க.

பெரியக்கா: மூணு பேரும் துணி மடிச்சிருக்காங்களா?

காலேஜ்: வாய்ப்பே இல்ல.

பெரியக்கா: சரி, சொல்லட்டும்.

காலேஜ்: ஒருத்தர் சொல்றார், ஒரு ஊருங்கிறது உடம்பு மாதிரி. கை ஒரு வேலை, வயிறு ஒரு வேலை. ஒண்ணு செய்யிறத இன்னொண்ணு செய்யாது, அதனாலதான் ஒண்ண ஒண்ணு விட முடியாது. நிக்கிறவங்க இல்லாம நடக்கிறவங்களால மடிக்க முடியாது.

பெரியக்கா: நல்ல மனுஷன். ஆனா உடம்புல ஒரு பக்கம் கெட்டுப் போனா இன்னொரு பக்கம் தாங்கும்ல, அத விட்டுட்டார். அடுத்தவர்?

காலேஜ்: அவர் சண்டைக்காரர். எல்லாமே இழுபறின்னு சொல்றார். எடமும் மிஷினும் ஒருத்தன் கையில. கையும் காலும் இன்னொருத்தன்கிட்ட. கை கால் ஓடுற வரைக்கும் வெச்சுக்குவான், ஓடலேன்னா வேற கை கால் வாங்கிக்குவான்.

பெரியக்கா: அது நம்ம ட்ராலிக்காரர் கதைடி. பதினேழு வருஷம் அழுக்குத் துணி வண்டியத் தள்ளினார். ஒரு காலக் கொஞ்சம் இழுத்து நடக்கிறார்னு சூப்பர்வைசர் கண்ணுல பட்டுச்சு. போன வெள்ளிக்கிழமை அடையாள அட்டையத் திருப்பி வாங்கிட்டாங்க, வேலை போச்சு. நல்லா நடக்கிறேன் பாருங்கன்னு இந்த ஹால் முழுக்க ரெண்டு தடவை நடந்து காட்டினார், பாவம்.

காலேஜ்: ஆமா. அது பாக்க முடியல.

பெரியக்கா: இழு... மூணாமவர் என்ன சொன்னார்?

காலேஜ்: அவர் வேற மாதிரி. வெளியில நின்னு பாத்துட்டு முடிவு பண்ணாதங்கிறார். ஒருத்தர் ஒரு காரியம் செஞ்சா, அவங்க மனசுல அதுக்கு என்ன அர்த்தமோ அதப் புடி. ஒருத்தன் விறகு வெட்டுறான்னா குளிருக்கா, கூலிக்கா, கோபத்துலயான்னு அவன் பக்கத்துல போய்ப் பாரு.

பெரியக்கா: இவருதான் புத்திசாலி. நீ யார் பக்கத்துல போய்ப் பாத்த?

காலேஜ்: பதினாலு பேரக் கேட்டேன்.

பெரியக்கா: ம். இந்தக் கட்டு முடிஞ்சுது. ரெண்டு நிமிஷம் ஒண்ணும் வராது. தாள எடு. என்னப் பத்தி இருக்கிறத மட்டும் படி.

காலேஜ்: மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டீங்களே?

பெரியக்கா: படிச்ச பிறகு சொல்றேன்.

காலேஜ்: "மடிப்புப் பிரிவில் எட்டு ஜோடிகள் வேலை செய்கின்றன. இங்கு நிலவும் வழக்கம் எப்போது தொடங்கியது என்று எவருக்கும் தெரியவில்லை. விசாரித்த பதினான்கு பேரும், எப்போதும் இப்படித்தான் என்று ஒரே குரலில் கூறினர்."

பெரியக்கா: எப்போதுமா...

காலேஜ்: குறுக்க பேசாதீங்க. "மூத்த தொழிலாளி இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கு இருக்கிறார். காலையில் அனைவருக்கும் முன்னால் வந்துவிடுகிறார். மாலையில் அனைவரும் படி இறங்கிப் போன பிறகே கிளம்புகிறார். சாப்பாட்டு நேரத்திலும் தன் இடத்தை விட்டு அசைவதில்லை. உழைப்பையே தவமாகக் கொண்டவர்."

பெரியக்கா: தவமா?

காலேஜ்: நல்ல வார்த்தைதானே?

பெரியக்கா: இந்த ஒரு வரிய என் வீட்டுக்காரர் உயிரோட இருக்கிறப்ப எழுதியிருந்தா உபயோகப்பட்டிருக்கும். போ.

காலேஜ்: "திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு இளைய தொழிலாளி நடக்காமல் நின்றாள். முதல் நிமிடம் மூத்தவர் சிரித்தார். இரண்டாம் நிமிடம் சுற்றிலும் பார்த்தார். இஸ்திரி போடும் உருளையின் சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லை. மூன்றாம் நிமிடம் தன் வலது காலை ஓரடி முன்னால் எடுத்து வைத்தார். உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். உதட்டைக் கடித்தார். பிறகு கையிலிருந்த ஓரத்தை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். துவைத்த விரிப்பு தரையில் விழுந்தது."

பெரியக்கா: ம். மேல படி.

காலேஜ்: "தன்னைவிட இளையவளை நோக்கி நடப்பது தன் நிலைக்கு இழுக்கு என அவர் கருதியதை அந்தப் பின்வாங்கிய ஓரடி காட்டுகிறது. மூப்பின் பெருமிதம், பணியின் அவசியத்தையும் மீறி நின்றது."

பெரியக்கா: திமிருன்னு எழுதியிருக்க.

காலேஜ்: பெருமிதம்னு எழுதியிருக்கேன்.

பெரியக்கா: திமிருக்கு இஸ்திரி போட்டா பெருமிதம்.

காலேஜ்: கஷ்டமா இருக்காக்கா? நான் அடிச்சுடறேன்...

பெரியக்கா: விரிப்பு வருது. தாள உள்ள வை. சூப்பர்வைசர் வர்றார், பாக்காத மாதிரி மடி.

சூப்பர்வைசர்: என்ன பெரியக்கா, இந்தப் பக்கம் மட்டும் கட்டு கம்மியா இருக்கு?

பெரியக்கா: நாலு நாள் பேசாத பேச்ச இன்னிக்குப் பேசிக்கிட்டிருக்கோம் சார். அடுத்த கட்டுல சரி பண்ணிடுறோம்.

சூப்பர்வைசர்: சமாதானம் ஆயிட்டீங்களா? நல்லதாப் போச்சு. யம்மா காலேஜ், அந்தத் தாள ரெண்டேமுக்காலுக்குள்ள என் மேஜையில வை. ஒரு வரி விடாம படிச்சுட்டுத்தான் முத்திரை குத்துவேன். நம்ம பிரிவப் பத்தி நீ என்ன எழுதியிருக்கன்னு எனக்கும் தெரியணும்ல.

காலேஜ்: கொண்டு வர்றேன் சார்.

சூப்பர்வைசர்: பெரியக்கா, உங்களத்தான் ஆபீஸ் பக்கமே பாக்க முடியல. டீ குடிக்கக் கூட வர மாட்டேங்கிறீங்க.

பெரியக்கா: இங்க நின்ன எடத்துக்கே டீ வருது சார். என் மரியாதை அப்படி.

சூப்பர்வைசர்: உங்க கெத்து யாருக்கு வரும். சரி, மடிங்க.

பெரியக்கா: ...போயிட்டாரா?

காலேஜ்: போயிட்டார். அக்கா, மணி ரெண்டேகால். நீங்க என்ன நினைக்கிறீங்கன்னே தெரியல.

பெரியக்கா: பதினாலு பேரக் கேட்டேன்னியே. இந்த ஹால்ல எத்தன பேரு?

காலேஜ்: பதினாறு. என்னத் தள்ளினா பதினஞ்சு.

பெரியக்கா: ஒண்ணு குறையுதே.

காலேஜ்: அது... நீங்கதான்க்கா.

பெரியக்கா: அந்த மூணாமவர் உனக்கு என்ன சொல்லிக் குடுத்தார்? காரியம் செஞ்சவங்க பக்கத்துல போய்ப் பாருன்னு. நீ விறகு வெட்டினவள விட்டுட்டு ஊர்ல எல்லாரையும் கேட்டுட்டு வந்திருக்க.

காலேஜ்: உங்கள எப்படிக்கா கேக்கிறது? நீங்க ஏன் நடக்க மாட்டேங்கிறீங்கன்னு மூஞ்சிக்கு நேரா... நான் வந்த முதல் நாளே நீங்கதானே சொன்னீங்க, "இங்க சின்னவங்கதான் நடக்கிறது"ன்னு. அதோட வாய மூடினதுதான்.

பெரியக்கா: அப்படித்தான் சொன்னேன்.

காலேஜ்: அப்ப உங்களுக்கு யாரு சொன்னாங்க?

பெரியக்கா: யாரும் சொல்லல. அப்படி ஒரு வழக்கமே இல்ல.

காலேஜ்: என்னக்கா சொல்றீங்க? எல்லாரும் எப்பவும் இப்படித்தான்னு...

பெரியக்கா: எப்பவுமாவது, ஒண்ணாவது. பாதிப் பேரு புதுசு, மீதிப் பேரு மறந்துட்டாங்க. நாலு வருஷம் முன்னாடி வரைக்கும் ரெண்டு பேரும் நடந்தோம். பாதித் தூரம் நீ, பாதித் தூரம் நான். நடுவுல சந்திப்போம். யாருக்குக் கை நீளமோ அவங்க குனிவாங்க. ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு, நானூறு தடவை எதிர்ல இருக்கிறவ மூஞ்சிய பக்கத்துல பாப்போம். அப்பல்லாம் சண்டை போட்டாக்கூட பத்து விரிப்புக்கு மேல தாங்காது.

காலேஜ்: அப்புறம் யாரு மாத்தினா?

பெரியக்கா: நான்.

காலேஜ்: நீங்களா?

பெரியக்கா: உனக்கு முன்னாடி என்கூட மடிச்சவ ஒருத்தி இருந்தா. ஒரு நாள் காலையில அவகிட்ட சொன்னேன், "இனிமே நான் நிக்கிறேன், நீ வாடி. மூத்தவளுக்கு அந்த மரியாதை கூட கெடையாதா"ன்னு. சிரிச்சுக்கிட்டே வந்தா. மறுநாள் பக்கத்து ஜோடியில பெரியவ பாத்தா. அவளுக்கு மட்டும் மரியாதை வேண்டாமா? அவளும் நின்னுட்டா. ஒரு மாசம். எட்டு ஜோடியும் நின்னுடுச்சு. அந்த அண்ணிக்கும் நாத்தனாருக்கும் யாரு மூத்தவன்னு சேந்த தேதிய ஆபீஸ்ல போய்ப் பாத்துட்டு வந்தாங்க. பதினோரு நாள்ங்கிறது அப்பதான் ஊருக்கே தெரிஞ்சுது.

காலேஜ்: அக்கா, இது... இது பெரிய விஷயம்க்கா. ஒரு வழக்கம் பொறந்த நாள் யாருக்கும் கெடைக்காது. எல்லாரும் வானத்துலேருந்து விழுந்த சட்டம்னு கும்புட்டுக்கிட்டிருக்காங்க, ஆரம்பிச்சவங்க என் முன்னாடி விரிப்பப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. இத மட்டும் எழுதினேன்னா முதல் மார்க்கு எனக்குத்தான். இன்னும் அரை மணி இருக்கு. ஏன் அப்படிச் சொன்னீங்க அன்னிக்கு? அத மட்டும் சொல்லிடுங்க.

பெரியக்கா: பேனாவக் குடு.

காலேஜ்: காரணம் சொல்லுங்க, எழுதிட்டு அப்புறம் கையெழுத்து...

பெரியக்கா: இப்பவே போடுறேன். எங்க போடணும்? இந்தக் கோடு மேலயா? அவசரப்படுத்தாத, எனக்கு எழுத்து மெதுவாத்தான் வரும். நாப்பது வயசுக்கு மேல கத்துக்கிட்ட எழுத்து, ஒண்ணொண்ணா கூப்புட்டாத்தான் வரும்... ம். போட்டாச்சு.

காலேஜ்: ரொம்ப நன்றிக்கா. ஆனா அந்தப் பெருமிதம் வரிய அடிச்சுடறேன். நீங்க அப்படிப்பட்டவங்க இல்ல. எனக்குத் தெரியாதா? நான் ஜன்னல்லேருந்து டம்ளர எடுத்துட்டு வந்தப்ப, அத வாங்கிக் கழுவி உங்க டம்ளர் பக்கத்துல வெச்சது நீங்கதான். நாலு நாள் பேசலேன்னாலும்.

பெரியக்கா: அந்த வரிய அடிக்காத.

காலேஜ்: அது பொய்க்கா.

பெரியக்கா: நீ அத அடிச்சா கையெழுத்த நான் அடிச்சுடுவேன். வழக்கம் எப்பவும் இருந்ததாவே இருக்கட்டும். தவம், பெருமிதம், பின்னுக்கு இழுத்த கால், எல்லாம் நீ எழுதின மாதிரியே சூப்பர்வைசர் மேஜைக்குப் போகட்டும்.

காலேஜ்: உங்களத் திமிர் புடிச்சவங்கன்னு அவர் நினைப்பாரே. ஏன்க்கா? ஒரு காரணமாவது சொல்லுங்க.

பெரியக்கா: தவளைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கேட்டேன்ல? ஒரு முட்டி இருந்துச்சு. நாலு வருஷமா மடங்காத வலது முட்டி. அன்னிக்கு நீ நின்னப்ப, சரி, நாமளே போவோம்னுதான் அந்த ஓரடி எடுத்து வெச்சேன். அது தாங்கல. முன்னாடி வர்றதும் தவம் இல்லடி, படியில ஒரு கால இழுத்து இழுத்து ஏறுறத யாரும் பாத்துறக் கூடாதுன்னுதான். திமிருக்காக இங்க யாரோட அட்டையையும் வாங்கினதில்ல. ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம், அது வரைக்கும் திமிர் புடிச்சவளாவே இருந்துட்டுப் போறேன். எட்டு ஜோடியும் என் முட்டியப் பாத்து நொண்டுதுங்க, அதுங்களுக்கே தெரியாது. அத நீ மட்டும் தெரிஞ்சுக்க... ம், அழுவாத, விரிப்புல பட்டா திரும்பத் துவைக்கணும். புடி. உதறு. வா.